கூப்பன் அரிசியும் ரேஷன் அரிசியும்

1942-இல் ஜப்பானியப் படை பர்மாவைப் பிடித்தது. கொழும்புக்கும் சென்னைக்கும் கப்பலேறி வந்துகொண்டிருந்த ரங்கூன் அரிசி நின்றுபோனது. பாக் நீரிணையின் இரு கரையிலும் அரிசிப் பங்கீடு வேரூன்றியது அந்த நெருக்கடியில்தான். அக்கரைத் தமிழர் அதைக் கூப்பன் என்றார்கள். சங்கக் கடையில் கொத்துக் கணக்கில் வாங்கினார்கள். இக்கரையில் அது ரேஷன்; அளவு படி. கூப்பன் அரிசி நாற்பது வயதைக்கூட எட்டவில்லை. ரேஷன் அரிசி இன்றும் இரண்டு கோடிக்கும் மேற்பட்ட குடும்ப அட்டைகள் இருக்கும் மாநிலத்தில் மாதந்தோறும் எடை போடப்படுகிறது.

தொடக்கத்தில் முந்தி நின்றது இலங்கைதான். 1952-இல் ராஜாஜி சென்னை மாகாணத்தில் உணவுக் கட்டுப்பாட்டை நீக்கினார். அப்போது இலங்கையில் வசதியுள்ளவர், இல்லாதவர் என்ற பேதமின்றி எல்லார் கையிலும் கூப்பன் புத்தகம் இருந்தது. எல்லாருக்கும் என்பதன் பலம் அடுத்த ஆண்டே தெரிந்தது. இறக்குமதி அரிசியின் விலையைக் கருவூலம் தாங்காமல், டட்லி சேனநாயக்கா அரசு 25 சதத்துக்குக் கொடுத்த கொத்தை 70 சதமாக்கியது. 1953 ஆகஸ்ட் 12 அன்று ஹர்த்தால். துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. அமைச்சரவை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலில் ஏறிக் கூடியது. அக்டோபரில் பிரதமர் பதவி விலகினார்.

பின்வந்த அரசுகள் ஒரே வெட்டாக வெட்டத் துணியவில்லை. 1966-இல் இரண்டு கொத்து ஒன்றாகக் குறைந்தது. அந்த ஒன்று இலவசம் என்றதால் கோபம் தணிந்தது. 1973-இல் உலகச் சந்தையில் தானிய விலை எகிறியது, நாட்டில் அந்நியச் செலாவணி வற்றியது. அரிசி மூட்டையை ஊர்விட்டு ஊர் கொண்டுபோகத் தடை, வழியெங்கும் சோதனைச் சாவடி, பாணுக்கு விடியும் முன்பே வரிசை. மற்றக் கிராமத்தார் கொல்லையில் மரவள்ளி நட்டுச் சமாளித்தார்கள். மலையகத்து லயன் வீடுகளில் இருந்தவர்களுக்கு நடுவதற்குச் சொந்த நிலம் ஏது? 1974-இல் தோட்டப்புறங்களில் இறப்பு விகிதம் உயர்ந்தது. தேயிலை பறித்து நாட்டுக்கு வெளிநாட்டுப் பணம் ஈட்டித் தந்தவர்கள் பட்டினியில் செத்தார்கள். இதை எந்தக் கணக்காலும் நியாயப்படுத்த முடியாது. அதே அரசு, அதே ஆண்டுகளில் மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் போட்ட இறக்குமதிக் கட்டுப்பாட்டால் யாழ்ப்பாண விவசாயி தலைநிமிர்ந்தார். 1977-க்குப் பிறகு சந்தை திறந்தபோது அவருக்கும் அடி விழுந்தது.

கூப்பனின் முடிவு சத்தமில்லாமல் வந்தது. 1978-இல், மாத வருமானம் 300 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்களுக்கு மட்டும் என்று வரம்பு வைத்தார்கள். மக்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் வரிசையிலிருந்து விலகினார்கள். மறு ஆண்டு அரிசிக்குப் பதில் உணவு முத்திரை வந்தது. அதில் அச்சிட்டிருந்தது ரூபாய், கொத்து அல்ல. விலைவாசி ஏற ஏற முத்திரை தேய்ந்தது. சில ஆண்டுகளிலேயே அதன் வாங்கும் சக்தி ஏறக்குறையப் பாதியானது. 1953-இல் விலையேற்றத்துக்குக் கொந்தளித்த நாடு இதற்குக் கொந்தளிக்கவில்லை. குரல் எழுப்பத் தெரிந்த நடுத்தர வர்க்கம் அதற்குள் வரிசையில் இல்லாமல் போயிருந்தது.

சிலருக்கு மட்டும் என்ற இதே கதவு தமிழ்நாட்டிலும் திறந்தது. 1967 தேர்தலில் ரூபாய்க்கு மூன்று படி என்று முழங்கிய தி.மு.க.வால், ஆட்சிக்கு வந்ததும் ஒரு படியைச் சென்னையிலும் கோவையிலும் மட்டுமே கொடுக்க முடிந்தது. 1972-இல் நுகர்பொருள் வாணிபக் கழகம் உருவானது. 1997-இல் மத்திய அரசு வறுமைக் கோட்டுக்குக் கீழ், மேல் என்று நாட்டையே பிரித்தபோது தமிழ்நாடு அந்தக் கோட்டைக் கிழிக்க மறுத்தது. பிறகு வசதியானவர்களின் அட்டையில் 'எச்' முத்திரை குத்தி விலக்கும் முயற்சி நடந்தது. 2004 மக்களவைத் தேர்தலில் ஆளும் அ.தி.மு.க. ஓரிடம்கூட வெல்லாததும் அது கைவிடப்பட்டது. அரிசி 2006-இல் கிலோ 2 ரூபாய், 2008-இல் ஒரு ரூபாய், 2011 ஜூன் முதல் இலவசம். 2016-இல் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வந்தபோதும் எல்லாருக்கும் என்பதை மாநிலம் விடவில்லை. வேண்டாதவர்கள் சர்க்கரை அட்டைக்கு மாறிக்கொள்ளலாம். அந்த முடிவு அவர்களுடையது. ரேஷன் அரிசி கடத்தப்படுகிறது, மாவாகிறது, மாட்டுத் தீவனமாகிறது என்பது பொய்யல்ல. ஆனாலும் தகுதியுள்ள ஒரு கைம்பெண் பட்டியலில் விடுபட்டுப் போவதைவிட, தகுதியில்லாத பத்துப் பேர் அரிசி வாங்குவதை நான் பொறுத்துக்கொள்வேன்.

இதனால் தமிழக ஆட்சியாளர்கள் இலங்கையாரைவிட அறிவாளிகள் என்று சொல்லிவிட முடியாது. டெல்டாவின் நேரடி கொள்முதல் நிலையத்தில் 17 சதவீத ஈரப்பதம் பார்த்து எடுக்கும் நெல்லுக்கும், இந்திய உணவுக் கழகக் கிடங்கிலிருந்து வரும் அரிசிக்கும் ரூபாயில் பணம் கொடுத்தால் போதும். கொழும்பு கப்பல் அரிசிக்கு டாலர் கொடுக்க வேண்டியிருந்தது. இலங்கையும் 1948 முதல் நெல்லுக்கு உத்தரவாத விலை கொடுத்து வாங்கியது. ஆனால் நெடுங்காலம் சொந்த விளைச்சல் போதவில்லை.

இன்னொரு வேறுபாடும் உண்டு. ரேஷன் கடை வெளிச்சந்தையின் விலையை ஆணையிட்டுக் கட்டுவதில்லை. தன் சரக்கைப் பக்கத்தில் வைத்து விற்கிறது. கடைத்தெருவில் பொன்னி என்ன விலை விற்றாலும் அட்டைக்குரிய அரிசி அசையாது. 2021-இல் இலங்கை அரசு அவசரகால விதிகளைக் கொண்டுவந்து, அரிசிக்கும் சீனிக்கும் உச்ச விலையை வர்த்தமானியில் அறிவித்தது. அந்த விலைக்குக் கொடுக்க அரசின் கையில் போதிய சரக்கில்லை. சில வாரங்களில் அரிசிக்கு வைத்த கட்டுப்பாட்டை நீக்கினார்கள்; அக்டோபரில் பால்மா, கோதுமை மா, சமையல் எரிவாயு விலைகளும் அவிழ்த்துவிடப்பட்டன. எரிவாயு உருளை ஒரே எட்டில் ஆயிரம் ரூபாய்க்கு மேல் ஏறியது.

2022 மே 18 அன்று சென்னைத் துறைமுகத்திலிருந்து ஒரு கப்பல் கொழும்புக்குப் புறப்பட்டது. தமிழ்நாடு அரசு அனுப்புவதாகச் சொன்ன 40,000 டன்னில் முதல் தவணையாக 9,000 டன் அரிசி அதில் இருந்தது. கூடவே பால்மாவும் மருந்தும். எண்பது ஆண்டுகளுக்கு முன் இரு துறைமுகங்களும் ஒரே ரங்கூன் அரிசிக்காகக் காத்திருந்தவை.