பீப்பாயும் பற்றாசும்

மணவீடாயினும் கருமாதியாயினும் கேமரன் மலைத் தோட்டங்களில் முதற்கண் வேண்டப்படுவது வெந்நீரேயாம். ஏறத்தாழ 1500 மீட்டர் உயரத்துக் குளிரில் நூறு பேருக்குத் தேநீர் வழங்க வேண்டுமாயின், அண்டாவை அடுப்பிலேற்றி முகந்து முகந்து ஊற்றுவது ஒரு வழி. அடியில் குழாய் வைத்த பெரும்பாத்திரம் ஒன்றை அமைத்துக் கொள்வது மற்றொரு வழி. பீர் நிரப்பி அனுப்பப்படும் எவர்சில்வர் பீப்பாய், 50 லிட்டர் கொள்வது, இதற்கு மிகப் பொருத்தமானது. அது மதுக்கம்பெனியின் உடைமையாதலால், கழித்து விற்கப்பட்டதையே விலைக்கு வாங்குதல் வேண்டும். தலையை வட்டமாக அறுத்து, அடிப்பக்கத்தில் துளையிட்டு, அத்துளையில் மரையுள்ள மூட்டு ஒன்றைப் பற்றவைத்தால் வெந்நீர்ப் பாத்திரம் ஆயிற்று.

ஒரு துளை, ஒரு மூட்டு. இதற்கும் ஒரு சரித்திரமா என்று வாசகர் நகைக்கலாம். ஆனால் இந்த வேலையை யார் செய்யலாம், யார் செய்யலாகாது என்று நம் நாட்டில் பிறப்பைக் கொண்டு விதித்திருந்தார்கள். அவ்விதி எவ்வாறு பொய்யாயிற்று என்பதை அப்பீப்பாயே சொல்லும்.

உலோகத்தோடு உலோகத்தை ஒட்டவைக்கும் பொருளுக்குப் பற்றாசு என்று பெயர் வைத்த மக்கள் நாம். பொன்னையும் வெள்ளியையும் பற்றவைக்க வெங்காரம், பித்தளைக்கு ஈயம் பூச நவச்சாரம் என்று அறிந்திருந்தோம். நவச்சாரத்தைத் தூவியதும் புகை எழும். பாத்திரத்தின் அழுக்கு நீங்கும். உருகிய ஈயம் பஞ்சின் வழியே வெள்ளி போல் பரவும். ஈயம் பூசாத பித்தளையில் புளிக்குழம்பு வைத்தால் களிம்பு ஊறும் என்பதை நம் பெண்டிர் எந்தச் சாஸ்திரமும் படியாமலே தெரிந்து வைத்திருந்தனர். ஆதிச்சநல்லூர்த் தாழிகளினின்று இரும்புக் கருவிகளும் வெண்கலக் கலங்களும் கிடைத்துள்ளன. நொய்யலாற்றங்கரைக் கொடுமணலில் இரும்பு உருக்கிய உலைகளின் அடையாளங்கள் வெளிப்பட்டுள்ளன.

இவ்வளவு அறிவு இருந்தும் அது ஏன் பரவவில்லை? கொல்லர், தச்சர், கன்னார், சிற்பர், தட்டார் என்று ஐந்தாக வகுத்துத் தந்தையிடமிருந்து மகனுக்கு என்று பூட்டி வைத்தமையால் பரவவில்லை. தொழிலைக் காத்தவர் அவர்களே என்பதை மறுப்பார் இல்லை. ஆயினும் பூட்டிய பெட்டிக்குள் இருந்த வித்தை பெட்டியோடு மக்கியும் போயிற்று. தென்னாட்டில் செய்து உலகெங்கும் சென்ற எஃகின் செய்முறையை, சீமையிலிருந்து மலிவு இரும்பு கப்பலேறி வந்த பின்னர், பேணுவாரின்றி இழந்தோம்.

அந்த எஃகை எடுத்து ஆராய்ந்தவர் யார் தெரியுமா? மின்சாரத்தின் இயல்பை உலகுக்குக் காட்டிய மைக்கேல் ஃபாரடே. 1819 முதல் சில ஆண்டுகள் ஸ்டோடர்ட் என்பவருடன் கூடி இந்திய எஃகின் உறுதிக்குக் காரணம் தேடினார். பல உலோகங்களை எஃகுடன் கலந்து பார்த்தார். குரோமியமும் அவற்றுள் ஒன்று. ஃபாரடே கொல்லன் மகன். "பார்த்தீரா, கொல்லன் மகனுக்கே இரும்பு வசப்பட்டது" என்று நம் ஜாதியபிமானிகள் துள்ளி எழக்கூடும். பொறுத்திருக்க. அவர் தந்தையின் பட்டறையில் கற்கவில்லை. புத்தகம் கட்டும் கடையில் வேலைக்கிருந்து, கட்ட வந்த புத்தகங்களைப் படித்துக் கற்றார்.

இனி மலைக்கு வருவோம். வில்லியம் கேமரன் என்னும் நில அளவையாளர் 1885-இல் இம்மலைப்பகுதியைக் குறித்துச் சென்றார். அவர் பெயரே அதற்கு நிலைத்தது. 1929-இல் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தோட்டத்தைத் தொடங்கினார். தாப்பாவிலிருந்து மேலேறும் சாலை 1931-இல் முடிந்தது. காட்டை வெட்டியவரும், சரிவில் வரப்புக் கட்டியவரும், கொழுந்து பறித்தவரும் பெரும்பாலும் நம்மவரே. 1938-இல் இந்திய அரசாங்கம் தடுக்கும்வரை கங்காணி ஆள் கட்டிக் கொண்டு வரும் முறை இருந்தது. கப்பலில் வந்தவன் ஊரின் ஜாதியையும் மூட்டையில் கட்டிக்கொண்டே வந்தான். தோட்டத்து லயங்களிலும் இன்ன ஜாதிக்கு இன்ன வரிசை என்ற பிரிவினை தொடர்ந்தது பலரும் எழுதிய செய்தி.

ஆனால் தேயிலை ஆலைக்குள் ஒரு புது நியாயம் நடந்தது. கொழுந்தைக் கசக்கும் உருட்டு இயந்திரத்தை வில்லியம் ஜாக்ஸன் 1870-களில் அமைத்தார். உலர்த்தும் இயந்திரத்தை பெல்ஃபாஸ்டு நகரத்து சாமுவேல் டேவிட்சன் செய்து, சிராக்கோ என்று பெயரிட்டார். இவ்வியந்திரங்களுக்குப் பாகாயும் சாறாயும் வரும் தேயிலையே பகை. தேயிலையின் துவர்ப்புச் சத்து இரும்பைத் தொட்டால் கறுக்கும். பழங்காலத்தில் எழுத்து மை செய்ததும் அவ்வித இரசாயனத்தால்தான். எனவே உருட்டும் மேசைக்குப் பித்தளை வேய்ந்தனர். பின்னர் எவர்சில்வர் வந்தது. மெக்கெர்ச்சர் என்பார் 1930-ஆம் ஆண்டையொட்டி அஸ்ஸாமில் கண்ட, கொழுந்தை நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் இயந்திரத்தின் பல் உருளைகளும் இன்று எவர்சில்வரே. பழுதுபட்ட உருளையும் தகடும் தம்மைச் செப்பனிடுபவன் எந்த ஜாதி என்று வினவுவதில்லை. கீழே செந்தூல் இரயில்வே பட்டறையிலும் அப்படியே. அங்குத் தமிழர் பெருந்தொகையாய்ச் சேர்ந்து கொதிகலனோடும் ஆணியோடும் போராடினர். கொல்லர் குலத்தார் மட்டும் வருக என்று கதவில் எழுதியிருக்கவில்லை.

எவர்சில்வர் என்று நாம் வழங்கும் துருப்பிடியா எஃகின் கதையும் இதற்கு இயைந்ததே. ஜெர்மனியில் க்ரூப் ஆலையார் 1912-இல் குரோமியமும் நிக்கலும் கலந்த எஃகுக்கு உரிமை பதிந்தனர். 1913 ஆகஸ்டில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ஹாரி பிரேர்லி, தேயாத துப்பாக்கிக் குழல் தேடப்போய், நூற்றுக்குப் பன்னிரண்டுக்கு மேல் குரோமியம் கலந்த எஃகை வார்த்தார். குழலுக்கு அது பயன்பட்டதோ இல்லையோ, அமிலம் அதனை அரிக்கவில்லை என்று கண்டார். இந்தப் பிரேர்லி எஃகாலைத் தொழிலாளியின் மகன். பன்னிரண்டு வயதில் பள்ளியை விட்டு ஆலையில் எடுபிடியாய்ச் சேர்ந்து, ஆய்வுக்கூடத்தில் புட்டி கழுவிப் படிப்படியாக இரசாயனம் கற்றவர். புட்டி கழுவும் பையன் இரசாயனம் கற்கத் தகான் என்று அந்தப் பட்டறையில் எவரேனும் சொல்லியிருந்தால், நம் வீட்டுத் தட்டும் தம்ளரும் இன்றும் களிம்பு ஊறிக் கொண்டிருக்கும்.

துருவேறாமைக்குக் காரணம் குரோமியம் காற்றோடு கூடி மேனியில் போர்த்தும் மிக மெல்லிய தோல். கீறினாலும் அத்தோல் தானே வளரும். பீப்பாயில் துளையிடுவதில் உள்ள சூட்சுமம் முழுவதும் இத்தோலைக் கெடுக்காதிருப்பதே.

துளைப்பது எளிதென்று துளைக்கருவியை விரைவாகச் சுழற்றினால் எவர்சில்வர் உடனே இறுகும். இறுகியபின் கருவிதான் மழுங்குமேயன்றித் தகடு வழிவிடாது. மெதுவாகச் சுழற்றி, அழுத்திப் பிடித்து, எண்ணெய் விட்டு, தகட்டை இடைவிடாது சீவ வேண்டும். அதற்கு முன்னர்ப் பீப்பாயின் உள்ளழுத்தத்தை முற்றும் வெளியேற்ற வேண்டும் என்பதை எத்தனை முறை சொன்னாலும் மிகையன்று. பீர் இருந்த பீப்பாய்க்கே இப்படியெனில், பெட்ரோலோ தின்னரோ இருந்த தகரப்பீப்பாயின் செய்தி வேறு. காலியாயிற்று என்று எண்ணித் தீயைக் காட்டினால், உள்ளே தங்கிய ஆவி வெடித்து உயிரைக் குடிக்கும். காலிப்பீப்பாய் நிறைந்த பீப்பாயினும் அஞ்சத்தக்கது.

துளை முடிந்ததும் மூட்டை வைத்துப் பற்றவைப்பது. ஈயப்பற்றுப் போடலாமே என்பர் சிலர். வெள்ளீயமாயின் தக்க அமிலம் தடவி ஒட்டலாம். ஆனால் நீர் வற்றி அடுப்பேறினால் அது உருகிவிடும். காரீயம் கலந்ததோ நஞ்சு. இங்கிலாந்தின் டெவன் நாட்டில் ஆப்பிள் மது குடித்தோர் வயிற்றுவலியாலும் கைகால் முடக்கத்தாலும் துன்புற்றதற்கு, பழச்செக்கில் பதித்த காரீயமே காரணமென ஜார்ஜ் பேக்கர் என்னும் மருத்துவர் 1767-இல் வெளியிட்டார். அக்கூட்டத்தார் மிக்க சினங்கொண்டு அவரை ஏசினராம். உண்மை சொன்னவனுக்கு எந்நாட்டிலும் அதே மரியாதைதான்.

ஆகவே மின்தீயால் பற்றவைத்தலே முறை. கரிக்கோலினின்று எழும் மின்வில்லால் உலோகத்தை உருக்கி இணைக்கும் வழிக்கு பெர்னார்டோஸ், ஓல்ஷெவ்ஸ்கி இருவரும் 1880-களில் உரிமை பெற்றனர். ஸ்வீடன் நாட்டு ஷெல்பெரி பூச்சுள்ள கம்பியை 1900-களின் தொடக்கத்தில் கண்டார். டங்ஸ்டன் முனையைச் சுற்றி மந்த வாயு வீசி உலோகத்தைக் காற்றினின்று காக்கும் முறையை, போர் விமானத் தொழிலுக்காக, ரஸ்ஸல் மெரிடித் 1941-இல் அமெரிக்காவில் அமைத்தார். அப்போரில் அமெரிக்கக் கப்பல் துறைகளில் பெண்கள் முகமூடி அணிந்து ஆயிரக்கணக்கில் இவ்வேலையைச் செய்தனர். அடுப்படியே பெண்ணுக்கு உரியது என்பார் இதனையும் சற்றே நினைவில் வைப்பாராக.

பீப்பாயில் இம்முறைக்கு ஒரு தனி நுட்பம் உண்டு. வெளியில் மூட்டைச் சுற்றி ஆர்கான் வாயு வீசினால் மட்டும் போதாது. உள்ளேயும் அதனைச் செலுத்த வேண்டும். இல்லையேல் பற்றின் பின்புறம் கறுத்துக் கருப்பட்டி நொறுங்கினாற்போல் பொரிந்துவிடும். அங்கே அழுக்குத் தங்கும், துருப்பிடிக்கும். சூட்டையும் நீட்டிக்கலாகாது. ஏறத்தாழ 450 பாகையிலிருந்து 850 பாகை வரையுள்ள வெப்பத்தில் எஃகின் கரி, குரோமியத்தைப் பிடித்துக் கொள்கிறது. குரோமியமிழந்த பகுதி, வெளியே பளபளத்தாலும், பின்னர் உள்ளிருந்து அரிபடுகிறது. கரி மிகக் குறைந்த வகை எஃகுக்கு இவ்வச்சம் குறைவு. நாகப்பூச்சுள்ள மூட்டை ஒருபோதும் பற்றவைக்கலாகாது. அதன் புகை காய்ச்சலை உண்டாக்கும். பற்றியபின் தோன்றும் நீலமும் பொன்னிறமுமான சாயையைத் தேய்த்து நீக்குகையில் இரும்புக் கம்பித் தூரிகையைத் தொடலாகாது. இரும்புத் துகள் ஒட்டி, துருவேறாத பீப்பாயும் துருவேறும். பின் எலுமிச்சை அமிலம் தடவித் தோலை வளரவிட வேண்டும்.

இப்பீப்பாய் முன்னர்ச் சுமந்தது மது. தென்னை அக்குளிரில் காய்ப்பதில்லை. எனினும் சமவெளித் தோட்டங்களில் கள்ளுக்கடை தொழிலாளியின் கூலியை விழுங்கியது. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது கள்ளுக்கடைகளை மூடுக என்பதும் அவர்கள் கோரிக்கைகளுள் ஒன்றாயிருந்தது. 1947-இல் கெடாவில் தொண்டர் படையினர் கடைமுன் மறியல் செய்தனர். மதுப்பாத்திரம் ஒன்றை அறுத்து வெந்நீர்ப்பாத்திரமாக்குவதில் நமக்கோர் உவகை இருப்பதை மறைக்க வேண்டியதில்லை.

இன்று கேமரன் மலையில் கொழுந்து பறிப்போரில் பலர் வங்காளதேசம், நேபாளம் முதலிய நாடுகளினின்று வந்தோர். நம் பிள்ளைகள் நகரம் சென்றனர். அவர்களுள் வெல்டிங் பயில்வோரும் உண்டு. அவர்களைக் குறைவாக எண்ணி, பேனா பிடிப்பவனே மனிதன் என்று பெண் கொடுக்க மறுக்கும் வீடுகளும் நம்மிடையே உண்டு. ஜாதி வாசலை விட்டு வெளியேறிப் புறக்கடை வழியே உள்நுழைந்திருக்கிறது போலும்.

பீப்பாய் முடிந்ததும் நீர் நிரப்பி, வெளிப்புறத்தை நன்றாய்த் துடைத்து, கீழே பழைய செய்தித்தாள் விரித்து ஓரிரவு வைக்க வேண்டும். விடியலில் தாள் உலர்ந்திருந்தால் பற்று நின்றது. நனைந்திருந்தால் அவ்விடத்தைச் சாக்கட்டியால் குறித்து மீண்டும் பற்றவைக்க வேண்டும். முதன்முறை காய்ச்சிய நீரைக் கொட்டிவிட வேண்டும். தானா ராத்தாவில் நீர் ஏறத்தாழ 95 பாகையிலேயே கொதிக்கும்; தேயிலையைச் சற்று நேரம் கூடுதலாக ஊறவிடுக.