ஊரைப் பிடித்தவருக்கு ஒரு வாக்கு

மன்னாரிலிருந்து பூநகரி நோக்கிச் செல்லும் வீதியில், கண்டற் காடுகளும் ஆழம் குறைந்த கடலும் சூழ அமைந்த ஊர் விடத்தல்தீவு. பெயரில் தீவு இருப்பினும் அது பெருநிலப்பரப்பிலேயே உள்ளது. 2010 ஜனாதிபதித் தேர்தல் முடிந்து சில காலத்தின் பின், அவ்வூர்க் கடற்றொழிலாளியான முதியவர் ஒருவரிடம், யாருக்கு வாக்களித்தீர்கள் என்று வினவினேன். பத்திரிகைக்காரனின் பழக்கதோஷம்.

"எங்கட ஊரைப் பிடிச்சவருக்குத்தான் தம்பி" என்றார் அவர்.

அந்த மறுமொழியின் கனத்தை உணர வேண்டுமாயின் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும். கடற்புலிகளின் முக்கிய தளமாக விளங்கிய விடத்தல்தீவை இலங்கை இராணுவம் 2008 ஜூலை 16ஆம் நாள் கைப்பற்றியது. அப்போது இராணுவத் தளபதியாக இருந்தவர் சரத் பொன்சேகா. இந்நாடு சிங்களவருக்கே உரியது என்ற பொருள்பட அதே ஆண்டில் கனேடியப் பத்திரிகை ஒன்றுக்குக் கூறியவரும் அவரே. ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு கழித்து, மகிந்த ராஜபக்சவுக்கு எதிரான பொது வேட்பாளராக, அன்னச் சின்னத்தில் அவர் வந்து நின்றார். அவரை ஆதரிக்குமாறு இரா. சம்பந்தன் தலைமையிலான தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு மக்களைக் கேட்டது.

கேட்கப்பட்டவர்களில் பலர் முள்ளிவாய்க்கால் வரை ஓடி, மெனிக் பாம் முகாம்களின் கம்பி வேலிக்குள் வாழ்ந்தவர்கள். "போரை நடத்தியவருக்கும் நடத்துவித்தவருக்கும் இடையில் நாம் எதைத் தெரிவு செய்வது?" என்று அன்று கேட்டவர்களை நான் குறை கூறேன். இடதுசாரி நண்பர்களும் மனித உரிமைச் செயற்பாட்டாளர்களும் அதையே கேட்டனர். மனச்சான்றுக்கு இசைந்த தெரிவுகளும் இல்லாமலில்லை. விக்கிரமபாகு கருணாரத்ன களத்தில் நின்றார், எம்.கே. சிவாஜிலிங்கம் நின்றார். இருவரும் சேர்ந்து நாடு முழுவதும் பெற்றவை 17,000 வாக்குகளுக்கும் குறைவு.

தேர்தலைப் புறக்கணிப்பதன் விலை என்ன என்பதையும் நாம் முன்னரே கண்டிருந்தோம். 2005 நவம்பர் 17ஆம் நாள் நடைபெற்ற தேர்தலில் தமிழ் மக்கள் அக்கறை கொள்ளத் தேவையில்லை என்று புலிகள் அறிவித்தனர். யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் வாக்களித்தோர் 1.21 வீதம் மட்டுமே. அது முழுவதும் சுதந்திரமான புறக்கணிப்பு அன்று. அச்சமும் அதில் கலந்திருந்தது. மகிந்த ராஜபக்ச 180,786 வாக்குகள் வித்தியாசத்தில் ரணில் விக்கிரமசிங்கவை வென்றார். ரணில் வென்றிருந்தால் போர் மூண்டிருக்காது என்று நான் வாதிட மாட்டேன். வாக்களியாமையும் ஒருவரை வெல்ல வைக்கும் என்பதே அந்தத் தேர்தல் தந்த பாடம்.

ஆயினும், குறையுள்ள வேட்பாளருக்கு வாக்குக் கேட்போர் இரு பிழைகளைத் திரும்பத் திரும்பச் செய்கின்றனர். வேட்பாளருக்கு வெள்ளையடிப்பது ஒன்று. தயங்குபவரைக் கடிந்துகொள்வது மற்றொன்று. முதலாவதை எவரும் நம்புவதில்லை. இரண்டாவதால் தயங்கியவர் வீட்டிலேயே இருந்துவிடுகிறார்.

பிரான்சில் வாழும் நம் உறவுகளுக்கு 2002ஆம் ஆண்டு நினைவிருக்கும். முதற்சுற்றில் சோசலிசக் கட்சியின் லியோனல் ஜொஸ்பன் வெளியேற, இறுதிச் சுற்றில் வலதுசாரியான ஜாக் சிராக்கும் தீவிர வலதுசாரியான ஜோன் மரி லு பென்னும் எதிரெதிரே நின்றனர். இடதுசாரிகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு சிராக்குக்கு வாக்களித்தனர். அவருக்குக் கிடைத்தது 82 வீதம். அவரை நல்லவர் என்று அவர்கள் ஒருபோதும் சொல்லவில்லை. சொல்லாததாலேயே மனம் கூசாமல் வாக்களிக்க முடிந்தது. ஆனால் அந்த வாக்குக்குப் பதிலாக எதையும் அவர்கள் கேட்டுப் பெறவில்லை. அடுத்து அமைந்தது முழு வலதுசாரி அரசாங்கம்.

வன்னித் தேர்தல் மாவட்டத்தில் 2010இல் வாக்களித்தோர் நூற்றுக்கு 40 பேரளவில்தான். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் பொன்சேகாவுக்கு வாக்களித்தனர். நாடளவில் அவர் தோற்றார். அடுத்த மாதமே கைது செய்யப்பட்டார். வீணான வாக்கு என்று பலர் கைவிரித்தனர்.

ஐந்து ஆண்டுகளின் பின் அதே அன்னச் சின்னத்தில் மைத்திரிபால சிறிசேன வந்தார். அவரும் குறையற்றவர் அல்லர். போரின் இறுதி நாட்களில் பதில் பாதுகாப்பு அமைச்சராக இருந்ததைத் தாமே மேடைகளில் கூறியவர். இம்முறை அவரிடம் ஓர் எழுத்து உறுதிமொழி இருந்தது: ஜனாதிபதியின் அதிகாரங்களைக் குறைப்பது. 2015 ஜனவரி 8ஆம் நாள் வன்னியில் 78 வீத வாக்குகள் அவருக்குக் கிடைத்தன. நாடளவில் அவர் வென்றது 449,072 வாக்குகளால். தமிழரும் முஸ்லிம்களும் அளித்த வாக்குகள் இன்றி அந்த வெற்றி இல்லை.

விளைவு என்ன? வடக்கின் ஆளுநராக இருந்த முன்னாள் இராணுவ அதிகாரியின் இடத்துக்குச் சிவில் அதிகாரி ஒருவர் வந்தார். 19ஆவது அரசியலமைப்புத் திருத்தம் நிறைவேறியது. புதிய அரசியலமைப்பு வரவில்லை. காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் 2017 பெப்ரவரியில் கிளிநொச்சி வீதியோரத்தில் அமர்ந்தனர். 2018 ஒக்டோபர் 26ஆம் நாள், எவரை அகற்ற மக்கள் வாக்களித்தார்களோ அவரையே சிறிசேன பிரதமராக்கினார். இதைவிடப் பெரிய ஏமாற்றம் ஏது?

கதை அத்துடன் முடியவில்லை. பாராளுமன்றத்தையும் அவர் கலைக்க முற்பட்டபோது, அது அரசியலமைப்புக்கு முரணானது என உயர் நீதிமன்றம் 2018 டிசம்பர் 13ஆம் நாள் ஏகமனதாகத் தீர்ப்பளித்தது. நாலரை ஆண்டுகளுக்கு முன் பாராளுமன்றத்தைக் கலைக்கவொண்ணாது என்று அவரைத் தடுத்தது எது? 2015ஆம் ஆண்டு வாக்கு பெற்றுத் தந்த அதே 19ஆவது திருத்தம். மனிதர் மாறினார், அவரைக் கட்டிய சட்டம் மாறவில்லை. அச்சட்டத்தை ஒழிக்க, வேறொருவர் வென்று 2020 ஒக்டோபரில் 20ஆவது திருத்தத்தைக் கொண்டுவர வேண்டியிருந்தது.

ஆகவே, தயங்கும் நண்பருக்கு நான் சொல்வது இதுதான். வாக்கு என்பது நற்சான்றிதழ் அன்று. வேட்பாளர் நல்லவரா என்று கேட்டால் பெரும்பாலும் இல்லை என்றே விடை வரும். இவர் எந்தச் சட்டத்தால் தம்மைக் கட்ட இசைகிறார், வென்ற பின் இவரை எதிர்த்துப் பேசும் உரிமை நமக்கு எஞ்சுமா என்று கேளுங்கள். வாக்குக் கேட்பவரும் வேட்பாளரின் குறைகளைத் தம் வாயாலேயே முதலில் சொல்லட்டும்.

வாக்குச்சீட்டிலும் ஒரு வழி உண்டு. மூன்று வேட்பாளருக்கு மேற்பட்டோர் போட்டியிடும்போது 1, 2, 3 என விருப்பு வரிசை இடலாம். மனச்சான்றுக்கு முதல் வாக்கும், தடுக்க வேண்டியவரைத் தடுக்க இரண்டாம் வாக்கும் அளிக்கும் இந்த உரிமை 1982 முதல் இருந்தும் பெரிதாகப் பயன்படவில்லை. 2024 செப்டம்பரில்தான் எவரும் பாதிக்கு மேல் பெறாமையால் முதன்முறையாக இரண்டாம் விருப்புகள் எண்ணப்பட்டன. அத்தேர்தலில் அரியநேத்திரனுக்கு விழுந்த 226,343 வாக்குகளில் ஒவ்வொன்றுக்கும் இரண்டாவது எண்ணும் இடப்பட்டிருக்கலாம்.

இன்னொன்றையும் மறத்தலாகாது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களில் விடத்தல்தீவு மக்களும் இருந்தனர். பலர் புத்தளத்தில் அகதிகளாயினர். அவர்களிடம் தமிழ்க் கட்சிகள் ஒற்றுமை கோரி வாக்குக் கேட்டபோது, அவர்கள் கண்ணில் நாமே குறையுள்ள வேட்பாளர்கள். பிறரிடம் பெருந்தன்மையை எதிர்பார்ப்பவர் இதனை அறிந்திருக்க வேண்டும்.

அன்று அந்த முதியவரிடம், "மனம் கூசவில்லையா ஐயா?" என்றும் கேட்டேன். வலையிலிருந்து கையெடுக்காமலே சொன்னார்:

"கூசினதுதான். கூசக் கூசத்தான் போட்டனான். இரண்டு பேரிலை ஒராளையெண்டாலும் வீட்டை அனுப்ப ஏலுமெண்டால், மற்றவரை அடுத்தமுறை பாப்பம்."