விற்பனைப் பணியில் இலக்கு நிர்ணயம்: ஒரு வரலாறு

விற்பனைத் துறையில் பணிபுரிவோரிடையே மிகுதியாகப் புழங்கும் சொல் 'டார்கெட்'. ஒரு மாதத்திலோ காலாண்டிலோ ஆண்டிலோ ஒருவர் எவ்வளவு விற்க வேண்டும் என்று நிறுவனம் விதிக்கும் அளவையே இச்சொல் குறிக்கிறது. ஆனால் விற்பனையாளருக்கு நிறுவனம் தரும் எண் மட்டுமே இலக்கு அன்று. தொழிலைக் கற்றுக்கொள்வது, பதவியில் உயர்வது, குடும்பத்தைப் பேணுவது, பின்னாளில் சொந்தத் தொழில் தொடங்குவது எனத் தமக்கென அவர் வைத்துக்கொள்ளும் இலக்குகளும் உண்டு. இந்த இரு வகை இலக்குகளும் சில வேளைகளில் இணைந்தும் சில வேளைகளில் மோதியும் வந்துள்ளன. இக்கட்டுரை அந்த வரலாற்றை அமெரிக்க விற்பனைத் துறையை முன்வைத்து விளக்குகிறது.

டேட்டன் நகரில் தொடக்கம்

ஒகையோ மாநிலத்தின் டேட்டன் நகரில் மதுக்கடை நடத்திவந்த ஜேம்ஸ் ரிட்டி, 1879இல் பணப்பதிவு இயந்திரத்திற்குக் காப்புரிமை பெற்றார். கடை ஊழியர்கள் கல்லாப் பணத்தை எடுத்துக்கொள்வதைத் தடுப்பதே இதன் நோக்கம். 1884இல் இத்தொழிலைத் தம் கைக்குக் கொண்டுவந்த ஜான் ஹெச். பேட்டர்சன், அதற்கு நேஷனல் கேஷ் ரெஜிஸ்டர் (என்.சி.ஆர்.) என்று பெயரிட்டார்.

அக்காலக் கடைக்காரர்கள் பலர் இத்தகைய இயந்திரம் தமக்குத் தேவை என்று எண்ணவில்லை. கடை ஊழியர்களோ இதைத் தம்மீதான சந்தேகமாகவே பார்த்தனர். ஆகவே நிறுவனத்தின் வளர்ச்சி விற்பனையாளர்களின் பேச்சுத் திறனையே நம்பியிருந்தது. அதுவரை ஊர் ஊராகச் சென்று விற்றவர்கள் அவரவர் போக்கில் பேசி, கிடைத்த இடத்தில் விற்றனர். பேட்டர்சன் இதை ஓர் ஒழுங்குக்குள் கொண்டுவந்தார். ஒவ்வொருவருக்கும் தனி விற்பனைப் பகுதி பிரித்துத் தரப்பட்டது. அப்பகுதியில் விற்கும் இயந்திரங்களுக்கான கமிஷன் அவருக்கே உறுதி செய்யப்பட்டது. வாடிக்கையாளரிடம் பேச வேண்டியவை ஒரு கையேடாகத் தொகுக்கப்பட்டன. விற்பனையாளர்களுக்கெனப் பயிற்சிப் பள்ளியும் நடத்தப்பட்டது.

இவற்றுடன் வந்ததுதான் 'கோட்டா' எனப்படும் விற்பனை இலக்கு. விற்பனைப் பகுதியின் அளவுக்கும் வளத்துக்கும் ஏற்ப இந்த எண் வகுக்கப்பட்டதால், பெருநகரத்தில் விற்பவரையும் சிற்றூரில் விற்பவரையும் ஒரே அளவுகோலால் ஒப்பிட முடிந்தது. இலக்கை எட்டியவர்கள் தனிக் கழகத்தில் சேர்க்கப்பட்டு, மாநாடுகளில் பாராட்டப்பட்டனர். 1911ஆம் ஆண்டுக்குள் இந்நிறுவனம் பத்து லட்சம் இயந்திரங்களை விற்றிருந்தது.

வாட்சன் கற்ற இரு பாடங்கள்

இம்முறையில் உருவானவர்களுள் புகழ்பெற்றவர் தாமஸ் ஜே. வாட்சன். 1874இல் நியூயார்க் மாநிலத்தில் பிறந்த இவர், குதிரை வண்டியில் சென்று பியானோ, தையல் இயந்திரம் முதலியவற்றை விற்றுத் தம் பணியைத் தொடங்கினார். பின்னர் பஃபலோ நகரில் இவர் நடத்திய இறைச்சிக் கடை தோல்வியுற்றது. கடைக்காகத் தவணையில் வாங்கிய பணப்பதிவு இயந்திரம் தொடர்பாக என்.சி.ஆர். அலுவலகத்துக்குச் சென்றவர், அங்கேயே வேலையும் கேட்டுப் பெற்றார்.

தொடக்க நாட்களில் இவரால் ஓர் இயந்திரத்தைக்கூட விற்க முடியவில்லை. கிளை மேலாளர் ஜான் ரேஞ்ச் இவரைக் கடுமையாகக் கடிந்துகொண்டார். பிறகு தாமே உடன் சென்று எப்படி விற்பது என்று காட்டிக்கொடுத்தார். புதிதாகப் பணிக்கு வருபவரின் முதல் இலக்கு விற்பனைத் தொகை அன்று, வேலையைக் கற்பதே என்பது வாட்சன் கற்ற முதல் பாடம்.

இரண்டாவது பாடம் கசப்பானது. பழைய இயந்திரங்களை வாங்கி விற்ற வணிகர்கள் என்.சி.ஆருக்குப் போட்டியாக இருந்தனர். அவர்களை ஒழிக்க, 1903இல் நிறுவனத்தின் பணத்தைக் கொண்டு, நிறுவனத்துக்குத் தொடர்பில்லாதது போன்ற ஒரு கடையை வாட்சன் நடத்தத் தொடங்கினார். 1913இல் பேட்டர்சன், வாட்சன் உள்ளிட்ட நிர்வாகிகள் போட்டிக்கு எதிரான செயல்களுக்காகக் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளிக்கப்பட்டனர். 1915இல் மேல்முறையீட்டில் அத்தீர்ப்பு நீக்கப்பட்டது. எனினும் அதற்குள் பேட்டர்சனுடன் ஏற்பட்ட பிணக்கால் வாட்சன் வேலையை இழந்திருந்தார்.

1914இல், நாற்பது வயதில், சி.டி.ஆர். நிறுவனத்தில் சேர்ந்தபோது, சம்பளத்துடன் இலாபத்தில் ஒரு பங்கும் வேண்டும் என்று அவர் கேட்டுப் பெற்றார். பத்தாண்டுகளுக்குப் பின் அந்நிறுவனமே ஐ.பி.எம். எனப் பெயர் மாறியது. அங்கும் இலக்கை முழுமையாக எட்டியவர்களுக்கு 'நூறு சதவீதக் கழகம்' அமைந்தது.

ஜனவரியிலேயே முடிந்த ஆண்டு

எண்ணைத் தந்த நிறுவனமே அதற்கு மேல்வரம்பும் விதித்தால் என்ன நிகழும் என்பதற்கு ராஸ் பெரோவின் பணிவாழ்க்கை எடுத்துக்காட்டாகும். 1957இல் ஐ.பி.எம். நிறுவனத்தில் விற்பனையாளராகச் சேர்ந்த இவர், 1962ஆம் ஆண்டுக்கான இலக்கு முழுவதையும் ஜனவரி மாதத்திலேயே எட்டிவிட்டார். ஈட்டக்கூடிய கமிஷனுக்கு வரம்பு இருந்ததால், எஞ்சிய மாதங்களில் மேலும் விற்பதில் அவருக்குப் பயன் இல்லை. கணினியை மட்டும் விற்காமல் அதை இயக்கித் தரும் சேவையையும் விற்கலாம் என்ற அவருடைய யோசனைக்கும் வரவேற்பு கிடைக்கவில்லை.

அதே ஆண்டு ஜூன் 27 அன்று, தம் 32ஆவது பிறந்தநாளில், 1,000 டாலர் முதலீட்டில் எலெக்ட்ரானிக் டேட்டா சிஸ்டம்ஸ் நிறுவனத்தைப் பெரோ தொடங்கினார். 1984இல் ஜெனரல் மோட்டார்ஸ் அதை சுமார் 250 கோடி டாலருக்கு வாங்கியது. நிறுவனத்தின் எண் முடிந்த இடத்தில் அவருடைய சொந்த இலக்கு தொடங்கியது எனலாம்.

குடும்பமும் தொழிலும்

தனிவாழ்வின் இலக்கைத் தொழிலின் இலக்கோடு வெளிப்படையாக இணைத்தவர் மேரி கே ஆஷ். டெக்சாஸைச் சேர்ந்த இவர், பிள்ளைகளை வளர்த்துக்கொண்டே வீட்டு உபயோகப் பொருட்களை நேரடியாக விற்கும் பணியில் ஈடுபட்டார். பல ஆண்டுகள் உழைத்த பிறகும், தாம் பயிற்சியளித்த ஆண் ஒருவருக்கே பதவி உயர்வு தரப்பட்டதால் 1963இல் வேலையை விட்டார். ஒரு நல்ல நிறுவனம் எப்படி இருக்க வேண்டும் என்று அவர் எழுதிய குறிப்புகளே புதிய தொழிலின் திட்டமாக மாறின. அதே ஆண்டு செப்டம்பரில் டல்லாஸ் நகரில், 5,000 டாலர் சேமிப்புடன், மகன் ரிச்சர்டின் துணையோடு அழகுப் பொருள் நிறுவனத்தைத் தொடங்கினார்.

இறைவன், குடும்பம், தொழில் என்ற வரிசையைத் தம் விற்பனையாளர்களுக்கு அவர் வலியுறுத்தினார். 1969 முதல் சிறந்த விற்பனையாளர்களுக்கு இளஞ்சிவப்பு நிறக் காடிலாக் கார்கள் பரிசாக அளிக்கப்பட்டன.

ஆய்வுகள் கூறுவது

நடைமுறையில் வளர்ந்த இவ்வழக்கம் பின்னர் ஆய்வுப் பொருளாயிற்று. பீட்டர் டிரக்கர் 1954இல் வெளியிட்ட மேலாண்மை நூலில், மேலாளர்கள் தம் குறிக்கோள்களை வகுப்பதில் தாமே பங்கேற்க வேண்டும் என்று வலியுறுத்தினார். உளவியலாளர் எட்வின் லாக் 1968இல் ஒரு புகழ்பெற்ற ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டார். 'முடிந்ததைச் செய்' என்பதைவிட, தெளிவானதும் சற்றுக் கடினமானதுமான இலக்கே கூடுதல் பயன் தரும் என்பது அவருடைய முடிவின் சாரம். கேரி லேதமுடன் அவர் தொடர்ந்த ஆய்வுகள், இலக்கை ஒருவர் மனதார ஏற்பதும் தம் முன்னேற்றத்தை அவ்வப்போது அறிவதும் இன்றியமையாதவை என்று காட்டின.

இலக்கு எல்லை மீறியபோது

எண் ஒன்றே அளவுகோலாகும்போது அது தீங்காக மாறுவதும் உண்டு. 1992இல் சியர்ஸ் நிறுவனத்தின் வாகனப் பழுதுநீக்கும் மையங்கள் தேவையற்ற வேலைகளைச் செய்து பணம் வாங்கியதாகக் கலிஃபோர்னியாவில் குற்றச்சாட்டு எழுந்தது. ஊழியர்களுக்கு விதிக்கப்பட்ட விற்பனை இலக்குகளும் இதற்குக் காரணமாகக் கூறப்பட்டன.

வெல்ஸ் ஃபார்கோ வங்கியில், ஒரு வாடிக்கையாளருக்கு எட்டு சேவைகளை விற்க வேண்டும் என்பது நோக்கமாக முன்வைக்கப்பட்டது. அழுத்தம் தாங்காத ஊழியர்கள், வாடிக்கையாளர்களுக்குத் தெரியாமலேயே அவர்கள் பெயரில் கணக்குகளைத் தொடங்கினர். 2016இல் வங்கிக்கு 18.5 கோடி டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. அதற்கு முந்தைய சில ஆண்டுகளில் சுமார் 5,300 ஊழியர்கள் வேலையை இழந்திருந்தனர். அவர்களுள் பலர் கீழ்நிலைப் பணியாளர்கள் என்பது குறிப்பிடத்தக்கது. இலக்கை விதித்தவர்கள் மேலே இருந்தனர். அதன் விலையை முதலில் கொடுத்தவர்கள் கீழே இருந்தனர்.

முடிவுரை

இவ்வரலாற்றிலிருந்து விற்பனைப் பணியின் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் இலக்கு பொருந்தும் என்பது புலனாகிறது. தொடக்கத்தில் வாட்சனைப் போல் தொழிலைக் கற்பது இலக்காகலாம். இடைக்காலத்தில் தம் உழைப்புக்கு உரிய பங்கைக் கேட்டுப் பெறுவதும், தம் யோசனைக்கு இடமுள்ள சூழலைத் தேடுவதும் இலக்காகலாம். பின்னர் ரேஞ்சைப் போல் பிறருக்குக் கற்றுக்கொடுப்பதும், மேரி கே போல் பிறருக்கு வாய்ப்பு உருவாக்குவதும் இலக்காகலாம். இவை எல்லாவற்றுக்கும் மேலாக, எந்த எண்ணுக்காகவும் எதைச் செய்யமாட்டேன் என்ற வரையறையை ஒருவர் முன்கூட்டியே வகுத்துக்கொள்ள வேண்டியுள்ளது. நிறுவனம் தரும் எண் ஆண்டுதோறும் மாறும். இந்த வரையறையை விற்பனையாளர் தாமே வகுத்துக் காக்க வேண்டும்.