ஓய்வெடுக்க ஒரு தீவு

எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் கஜானா அலுவலகத்தில் 35 வருஷம் உத்தியோகம் பார்த்துவிட்டு, சென்ற மாதம் ஓய்வு பெற்றார். அந்த 35 வருஷத்தில் அவர் எடுத்த லீவுகளெல்லாம் கல்யாணத்துக்கும் காரியத்துக்கும் பிள்ளைகளின் பரீட்சைக்கும் போயினவே தவிர, சும்மா இருப்பதற்கென்று ஒரு நாள்கூட எடுத்ததில்லையாம். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை இப்போது பணம் அனுப்பி, "எங்கேயாவது போய் நிம்மதியாகப் பத்து நாள் இருந்துவிட்டு வாருங்கள்" என்று எழுதிவிட்டான். மனிதர் வழவழப்பான வர்ணப் புத்தகம் ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு என்னிடம் வந்தார்.

"மொரீஷியஸ் தீவு! நானும் அவளும். நீர்தான் திட்டம் போட்டுத் தரவேண்டும், ஓய். ஆனால் ஒரே ஒரு நிபந்தனை. சரித்திரம் கூடாது. கோட்டை, கொத்தளம், கல்வெட்டு ஒன்றும் வேண்டாம். ஓய்வு, ஓய்வு, ஓய்வு! அவ்வளவுதான்."

சரித்திரக் கதை எழுதிப் பிழைக்கிறவனிடம் வந்து இப்படிக் கேட்பது, கருவாட்டுக் கடையில் உப்பில்லாத கருவாடு கேட்பது போலத்தான். ஆனாலும் அண்டை வீட்டுச் சிநேகிதம் ஆயிற்றே! காகிதமும் பேனாவும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

முதலில் காலத்தைக் குறித்தேன். பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருக்கும் தீவு அது. நமக்குக் கோடையென்றால் அவர்களுக்குக் குளிர்காலம். ஜனவரி முதல் மார்ச் வரையில் புயல் பயம் உண்டு. ஆகவே அக்டோபர் கடைசியில் போய் நவம்பர் முதல் வாரத்தில் திரும்புவது உத்தமம் என்று எழுதினேன். இதில் சரித்திரம் ஒன்றுமில்லை என்றுதான் அப்போது நினைத்தேன்.

பிறகு அந்த வர்ணப் புத்தகத்தைப் பிரித்தேன். முதல் பக்கத்திலேயே, இந்தத் தீவைப் பார்த்துத்தான் கடவுள் சொர்க்கத்தைப் படைத்தார் என்று மார்க் ட்வைன் சொன்னதாகப் போட்டிருந்தது. அட பாவமே! ட்வைன் 1896-ல் அங்கே போனது வாஸ்தவம். ஆனால் அப்படிச் சொன்னது அவர் அல்ல. உள்ளூர்க்காரர் ஒருவர் அப்படிப் பெருமையடித்துக் கொண்டதாகவும், இன்னொருவர் அதை மிகைப் பேச்சு என்று மறுத்ததாகவும் கேலியாக எழுதிவைத்தார். விளம்பரக்காரர்கள் முதல் ஆசாமியை மட்டும் வைத்துக்கொண்டு இரண்டாவது ஆசாமியைக் கடலில் தள்ளிவிட்டார்கள். ட்வைன்கூட அங்கே ஓய்வெடுக்கப் போகவில்லை. வியாபாரத்தில் நொடித்துப்போய், கடனை அடைப்பதற்காக ஊர் ஊராய்ச் சொற்பொழிவு செய்துகொண்டு உலகத்தைச் சுற்றி வந்த பிரயாணத்தில் அதுவும் ஒரு நிறுத்தம்.

போகட்டும் என்று முதல் மூன்று நாளைக்கு வடகிழக்குக் கடற்கரையைப் போட்டேன். பவழப் பாறைகள் வேலி கட்டியதுபோல் சுற்றி நிற்க, உள்ளே கடல் குளம்போல் அமைதியாகக் கிடக்கும் இடம். சற்றுத் தூரத்தில் ஆம்பர் என்னும் குட்டித் தீவு. கால் நீட்டிப் படுத்துக்கொள்ள இதைவிட நல்ல இடம் கிடைக்காது. ஆனால் எழுதிய கை நின்றுவிட்டது. அந்தப் பாறை வேலியில்தான் 1744 ஆகஸ்டில் 'ஸான் ஜெரான்' என்ற பிரெஞ்சுக் கப்பல் மோதி உடைந்தது.

கதை எழுதுகிறவர்கள் எவரும் அந்தக் கப்பலைச் சுலபத்தில் விட்டுவிட முடியாது. பெர்னார்தென் த ஸான் பியேர் என்ற பிரெஞ்சுக்காரர் 1768-ல் அந்தத் தீவுக்குப் பொறியியல் அதிகாரியாக வந்து இரண்டு வருஷம் இருந்தார். ஊருக்குத் திரும்பியதும் 1773-ல் ஒரு பிரயாண நூல் எழுதினார். அதில் தீவின் அழகைவிட அங்கே அடிமைகள் பட்ட கொடுமைதான் அதிகம். அதே மனிதர் 1788-ல் 'பாலும் விர்ஜினியும்' என்ற நாவலை வெளியிட்டார். தென்னையும் வாழையும் சூழ்ந்த தீவில் கள்ளமறியாமல் வளர்ந்த இரண்டு குழந்தைகளின் காதல் கதை. பிரான்சுக்குப் போன விர்ஜினி 'ஸான் ஜெரான்' கப்பலில் திரும்பி வருகிறாள். பெரும் புயல் அடிக்கிறது. ஆடையைக் களைந்துவிட்டு நீந்தினால் பிழைக்கலாம் என்று ஒரு மாலுமி மன்றாடுகிறான். அவள் மறுத்துவிடுகிறாள். பால் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருக்கக் கடல் அவளைக் கொண்டு போகிறது. ஐரோப்பா முழுவதும் அழுதது. கவலையற்ற, பசுமையான, தொலைதூரத் தீவு என்ற கனவை வீடு வீடாகக் கொண்டு சேர்த்ததில் இந்தச் சிறு புத்தகத்துக்குப் பெரும் பங்கு உண்டு. சிநேகிதரின் கக்கத்தில் இருந்த வர்ணப் புத்தகத்துக்கு அதைப் பாட்டி என்றே சொல்லலாம்.

உண்மையில் நடந்தது வேறு. ஆகஸ்டு மாதம் அங்கே புயல் காலமே அல்ல. ஆடையைக் களைய மறுத்தது ஒரு பெண்ணும் அல்ல. பிழைத்துக் கரையேறிய மாலுமிகளிடம் வாக்குமூலம் வாங்கினார்கள். அவர்களில் ஒருவன் சொன்னபடி, உடையைக் கழற்றிவிட்டு நிர்வாணமாகக் கரையேறுவது தம் பதவிக்கு அடுக்காது என்று மறுத்தவர் கப்பல் தலைவர்! நடுத்தர வயதுக் கப்பல் தலைவரின் கௌரவத்தை எடுத்து ஒரு கன்னிப் பெண்ணின் நாணமாக மாற்றிய பெர்னார்தெனின் சாமர்த்தியத்தை நினைத்தால், தொழில்முறையில் எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவே இருக்கிறது. இன்னும் ஒன்றையும் அவர் சௌகரியமாக மறந்துவிட்டார். அந்தக் கப்பலில் இருந்த முக்கியமான சரக்கு, தீவில் சர்க்கரை ஆலை வைப்பதற்கான இயந்திரங்கள். ஆப்பிரிக்கக் கரையில் ஏற்றிய அடிமைகளும் அதில் இருந்தார்கள். 1966-ல் கடலடியில் கப்பலின் மிச்சங்களைக் கண்டெடுத்தார்கள். அதன் மணி இப்போது மாஹேபூர் ஊர்ப் பொருட்காட்சிசாலையில் இருக்கிறது.

இயந்திரங்களை வரவழைத்தவர் யார் தெரியுமா? நமக்கு நன்றாகத் தெரிந்த ஆசாமிதான்: லபூர்தொனே.

நாலாவது நாளுக்குப் பாம்பிள்மூஸ் பூந்தோட்டத்தைப் போட்டிருந்தேன். தாம்பாளம் தாம்பாளமாக இலை விரிக்கும் ராட்சத அல்லிகள் மிதக்கும் இடம். மனசுக்கு இதமான இடந்தான். ஆனால் அதுவும் லபூர்தொனே வாங்கிய தோட்டம். ஐந்தாம் நாள் தலைநகரான போர்ட் லூயியில் கடைவீதி சுற்றலாம் என்றால், துறைமுகத்தைப் பார்த்தபடி சிலையாக நிற்பவரும் அவரே. 1735-ல் கவர்னராக வந்து, சேற்றுத் துறையை நகரமாக்கியவர். அவர் எடுப்பித்த கட்டடங்களுக்குக் கல் அடுக்கியவர்களில் புதுச்சேரியிலிருந்து போன தமிழ்க் கொத்தனார்களும் தச்சர்களும் இருந்தார்கள். நகரத்தின் ஒரு பகுதிக்கு 'மலபார்களின் முகாம்' என்றே பெயர் விழுந்தது. அந்தக் காலத்துப் பிரெஞ்சுக்காரர்களுக்குத் தமிழர் எல்லாரும் மலபார்கள்.

1746-ல் இந்த லபூர்தொனே தீவில் கப்பல்களைத் திரட்டிக்கொண்டு நம் சோழமண்டலக் கரைக்கு வந்தார். செப்டம்பரில் சென்னைப் பட்டணத்தின் மேல் குண்டு போட்டார். கோட்டை சில நாளில் பணிந்தது. 11 லட்சம் வராகன் பெற்றுக்கொண்டு பட்டணத்தைத் திருப்பித் தந்துவிடுவதாக அவர் ஆங்கிலேயருக்கு வாக்குக் கொடுக்க, கூடாது என்று புதுச்சேரி கவர்னர் துய்ப்ளே குதிக்க, இரண்டு துரைகளும் சண்டைபோட்ட வைபவத்தை ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் இன்றைக்கும் படித்து ரசிக்கலாம். அக்டோபரில் புயல் வந்து லபூர்தொனேயின் கப்பல்களைச் சின்னாபின்னம் செய்தது. பிரான்சுக்குத் திரும்பிய மனிதரைப் பாஸ்டீல் சிறையில் போட்டார்கள். எழுதுவதற்குக் காகிதம் கொடுக்காததால், கஞ்சி தோய்த்து விறைப்பாக்கிய கைக்குட்டைகளில் காப்பிக் கஷாயத்தை மையாக்கித் தம் வழக்கை எழுதினார் என்று சொல்வார்கள். குற்றமில்லை என்று 1751-ல் விட்டார்கள். இரண்டு வருஷத்தில் இறந்துபோனார். தாம் நட்ட தோட்டத்தின் நிழலில் பத்து நாள் சும்மா உட்கார அவருக்கும் கொடுத்துவைக்கவில்லை.

அவர் விதைத்த கரும்பு மட்டும் தீவை மூடிவிட்டது. கரும்புகூட அந்த மண்ணுக்குச் சொந்தமல்ல. 1598-ல் டச்சுக்காரர்கள் இறங்கியபோது அங்கே மனிதர்களே இல்லை. மனிதனைக் கண்டு ஓடத் தெரியாத, பறக்கவும் முடியாத டோடோ பறவைதான் இருந்தது. அவர்கள் ஜாவாவிலிருந்து கரும்பும் மானும் கொண்டுவந்தார்கள். கப்பலோடு எலியும் பன்றியும் வந்தன. நூறு வருஷத்துக்குள் டோடோ பூண்டற்றுப் போயிற்று. 1710-ல் டச்சுக்காரர்களே தீவைக் கைவிட்டுப் போய்விட்டார்கள். பிறகு பிரெஞ்சுக்காரர், 1810-லிருந்து ஆங்கிலேயர்.

ஆறாம் நாள், ஏழாம் நாளுக்குத் தென்மேற்கு மூலையில் உள்ள லெ மோர்ன் மலையடிவாரம் என்று எழுதி, அடித்துவிட்டேன். ஓடிப்போன அடிமைகள் ஒளிந்திருந்த குன்று அது. 1835 பிப்ரவரி முதல் தேதி அடிமை முறை ஒழிந்தது. அந்தச் செய்தியைச் சொல்லச் சிப்பாய்கள் மலையேறி வந்தார்களாம். பிடிக்கத்தான் வருகிறார்கள் என்று எண்ணி, மேலே இருந்தவர்கள் பாறையிலிருந்து குதித்து மாண்டார்கள் என்பது அங்கே வழங்கும் கதை. கீழே மணல் சர்க்கரை போல் வெளுத்திருக்கும். வர்ணப் புத்தகத்தின் அட்டைப்படமே அதுதான்.

இதற்குள் சிநேகிதர் பொறுமையிழந்து, "என்ன ஓய், ஐந்து நாளோடு நின்றுவிட்டது?" என்று காகிதத்தை எட்டிப் பார்த்தார். கேட்டுவிட்டார் அல்லவா? நான் சொல்லிவிட்டேன்.

அடிமைகள் விடுதலையானதும் கரும்பு வெட்ட ஆள் வேண்டியிருந்தது. அதற்குச் சற்று முன்னதாகவே, 1834 நவம்பர் 2-ஆம் தேதி, 'அட்லஸ்' என்ற கப்பல் கல்கத்தாவிலிருந்து 36 கூலியாட்களைக் கொண்டுவந்து போர்ட் லூயியில் இறக்கியது. ஐந்து வருஷ ஒப்பந்தம். மாதம் ஐந்து ரூபாய் சம்பளம். பரீட்சை பலித்தது. கல்கத்தாவிலிருந்தும் சென்னையிலிருந்தும் பம்பாயிலிருந்தும் கப்பல் கப்பலாக ஆட்கள் போனார்கள். இருபதாம் நூற்றாண்டு பிறந்த பின்னும் அது ஓயவில்லை. மொத்தம் நாலரை லட்சத்துக்கும் மேல். நம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து ஏரி வறண்டபோதெல்லாம் கிளம்பிப் போனவர்கள் அதில் எத்தனையோ பேர்.

"ஐந்து ரூபாய் அந்தக் காலத்தில் பெரிசுதானே?" என்றார் கஜானாக்காரர்.

"கையில் கிடைத்தால் பெரிசுதான். அங்கே 'இரட்டைப் பிடித்தம்' என்று ஒரு சட்டம் இருந்தது. தக்க காரணமில்லாமல் ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் இரண்டு நாள் சம்பளம் பிடிப்பார்கள். காரணம் தக்கதா இல்லையா என்று தீர்மானிப்பவர் சம்பளம் கொடுக்கிறவர்."

சிநேகிதரின் விரல்கள் தாமாகவே மேஜைமேல் கணக்குப் போட்டன. "அப்படியானால் மாதத்தில் 15 நாள் காய்ச்சலாகப் படுத்தால்..."

"பூஜ்யம்."

1867-ல் தீவில் மலேரியா பரவி ஆயிரக்கணக்கானவர்கள் செத்தார்கள். அதே வருஷத்தில் இன்னொரு சட்டமும் வந்தது. ஒப்பந்தம் முடிந்து சுதந்திரமாக இருப்பவர்கள்கூடப் புகைப்படம் ஒட்டிய சீட்டு ஒன்றைச் சட்டைப் பையில் வைத்திருக்க வேண்டும். எந்த ஜில்லாவில் வசிக்கிறார், என்ன தொழில் என்று அதில் எழுதியிருக்கும். சீட்டு இல்லாமல் வேறு ஜில்லாவில் நடந்தால் 'நாடோடி' என்று போலீஸ்காரன் பிடித்துக்கொண்டு போவான். கடற்கரையில் காற்று வாங்கிக்கொண்டு சும்மா உலாவுவது அங்கே, அவர்களுக்கு, குற்றமாக இருந்தது! 1871-ல் 9,000 பேருக்கு மேல் கையெழுத்தும் கைநாட்டும் வைத்து மனுக் கொடுத்தார்கள். அதை எழுத உதவிய த ப்ளெவிட்ஸ் என்ற வெள்ளைக்காரரைத் தெருவில் அடித்தார்கள். ஆனால் லண்டனிலிருந்து விசாரணைக் குழு வந்தது. சட்டங்கள் மெல்ல மெல்லத் தளர்ந்தன.

சிநேகிதர் வர்ணப் புத்தகத்தை மூடினார். "சரித்திரம் கூடாதென்று சொன்னேனே, ஓய்!" என்று மட்டும் சொன்னார். கோபமா வருத்தமா என்று தெரியவில்லை. காகிதத்தை மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஒரு நல்ல மனிதரின் ஓய்வைக் கெடுத்துவிட்டோமே என்று இரவெல்லாம் எனக்கு உறுத்திற்று. சாப்பாட்டைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். அங்கே முருங்கைக் கீரைக்கு 'மூரூம்' என்று பெயர், ரசத்துக்கு 'ராசோன்', வாழையிலையில் ஏழு கறி வைத்து விருந்து போடுகிறார்கள் என்று சொல்லியிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார். 1968-ல் சுதந்திரம் பெற்ற அந்த நாட்டின் ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து இருக்கிறது, தைப்பூசக் காவடிக்கு நாடு முழுவதும் விடுமுறை என்றாவது சொல்லியிருக்கலாம்.

மறுநாள் காலையில் அவருடைய சம்சாரம் அந்தக் காகிதத்தோடு வந்தார்.

"எங்கள் பாட்டி வீட்டில், அண்ணா, ஆடி அமாவாசைக்கு ஒரு பிடி எள் தனியாக எடுத்து வைப்பார்கள். தாத்தாவுக்குச் சிற்றப்பா ஒருவர் கரும்புச் சீமைக்குப் போனவர், திரும்பவில்லை. எந்தச் சீமை என்று யாருக்கும் தெரியாது. பிஜி என்பார்கள், நேட்டால் என்பார்கள், மோரிசு என்பார்கள். போனவர்களுடைய பெயரெல்லாம் அங்கே எழுதி வைத்திருக்கிறார்களா?"

"வைத்திருக்கிறார்கள்" என்றேன். மோக்கா என்ற ஊரில் மகாத்மா காந்தி நிலையத்தில் அந்தப் பதிவேடுகள் இருக்கின்றன. பெயர், தகப்பன் பெயர், கிராமம், ஜாதி, உயரம், உடம்பில் உள்ள தழும்பு. பிற்காலத்தில் போனவர்களில் பலருக்குப் புகைப்படமும் உண்டு. பெயர்களை வெள்ளைக்கார குமாஸ்தாக்கள் காதில் விழுந்தபடி எழுதினார்கள், ஆகையால் தேடுவது கஷ்டம், அவர் வேறு தீவுக்கே போயிருக்கவும் கூடும் என்பதையும் சொன்னேன்.

"கப்பலிலிருந்து இறங்கி ஏறின படி ஒன்று இருக்கிறதாமே? இவர் ராத்திரி உங்கள் பேச்சைக் கேட்டுவிட்டு வந்து பிள்ளைக்குப் போன் போட்டு விசாரித்தார்."

"துறைமுகத்திலேயே இருக்கிறது. 1849-ல் ஏற்படுத்திய குடியேற்ற விடுதி. 2006-லிருந்து உலகப் பாரம்பரியச் சின்னம். "

"என் முழங்காலுக்கு அந்தப் படி ஒன்றும் செய்யாது" என்று அந்த அம்மாள் காகிதத்தை என் முன்னால் வைத்தார். "நவம்பர் 2-ஆம் தேதி அந்தப் படிக்குப் போகும்படி எழுதிக் கொடுங்கள். மோக்காவுக்கு ஒரு நாள் முழுசாக வேண்டும். மிச்சத்துக்கு நீங்கள் போட்ட கடற்கரையே இருக்கட்டும். இவரைக் கேட்டேன், சரி என்றுவிட்டார்."