ரயில் ஏறி வந்த நீலச் சிலந்தி

சிலந்தியைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து நாய்க்குட்டி மாதிரி வளர்ப்பாங்களா? வளர்க்கிறாங்க. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் டரான்டுலா வளர்ப்பு பெரிய பொழுதுபோக்கு. அதிலும் மரத்தில் வாழ்ற, கண் சிமிட்டுறதுக்குள்ள ஓடி மறையற வகைகளுக்குத் தனி மவுசு. அதில் சூப்பர் ஸ்டார் ஒண்ணு நம்ம பக்கத்து ஆந்திராவைச் சேர்ந்தது.

சென்னையிலிருந்து மும்பை ரயிலில் போனா, குந்தக்கல்லுக்கு முன்னால் குத்தின்னு ஒரு ஸ்டேஷன் வரும். அங்கே ரயில்வே மரக்கிடங்கில் கிடைத்த ஒரு சிலந்தியை வைத்து, 1899ல் லண்டன் அருங்காட்சியக விலங்கியலாளர் ரெஜினால்ட் போகாக் புதிய இனமா அறிவித்தார். பெயர் பொயசிலோதீரியா மெட்டாலிகா. உடம்பெல்லாம் உலோக நீலம். (அது சாயம் இல்லீங்க, நுண்ணிய அமைப்பில் ஒளி பட்டுத் திரும்பற வித்தை.)

அதோட கதை முடிஞ்சது. நூறு வருஷத்துக்கு மேல யாரும் அதைப் பார்த்ததா பதிவில்லை. 2001ல்தான் நந்தியாலுக்கும் கித்தலூருக்கும் நடுவே உள்ள காட்டில் மறுபடி கிடைத்தது. குத்தியிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர். அப்போ 1899ல் கிடைத்தது எப்படி அங்கே வந்தது? வெட்டிய மரத்தின் பொந்துக்குள் இருந்தபடியே ரயிலேறி வந்திருக்கணும்னு கருதறாங்க. தேடினவங்க குத்தியைச் சுற்றியே தேடியிருந்தா எப்படிக் கிடைக்கும்!

கண்டுபிடிச்ச சில வருஷத்திலேயே இது வெளிநாட்டுப் பெட்டிகளுக்குள் போயிடுச்சு. இப்போ அங்கே விற்கறதில் பெரும்பாலானவை அங்கேயே பெருக்கினவை. ஆனா முதல் ஜோடி எங்கிருந்து போயிருக்கும்னு யோசிங்க. காட்டிலோ, இது வாழ்ற பரப்பு 100 சதுர கிலோமீட்டருக்கும் குறைவு. வயசான மரங்களின் பொந்துதான் வீடு. அந்த மரங்களைத்தான் விறகுக்கு வெட்டறாங்க. 2008ல் ஐயுசிஎன் இதை அழிவின் விளிம்பில் உள்ள இனமா அறிவித்தது.

இனி டாக்டரா பேசறேன். அமெரிக்க டரான்டுலாக்களுக்கு உதறிவிட அரிப்பு முடிகள் உண்டு. நம்ம ஊர் வகைகளுக்கு அது கிடையாது. ஓடும், இல்லன்னா கடிக்கும். தீனி போட, பெட்டி மாத்த மூடியைத் திறக்கற நேரம்தான் ஆபத்து. 2014ல் சுவிட்சர்லாந்திலிருந்து வந்த ஆய்வு, இந்தப் பேரினம் கடித்த சம்பவங்களைத் தொகுத்துப் பார்த்தது. பாதிக்கும் மேற்பட்டவங்களுக்குத் தசைப்பிடிப்பு, அதுவும் பல மணி நேரம் கழிச்சு. "வலி குறைஞ்சிடுச்சு"ன்னு நிம்மதியா படுத்தவருக்குப் பிறகுதான் கைகால் இழுக்கும். உயிர் போனதா நம்பகமான பதிவு எதுவும் இல்லை. முறிவு மருந்தும் இல்லை. வலிக்கும் தசைப்பிடிப்புக்கும்தான் சிகிச்சை. கடித்த இடத்தை சோப்பு போட்டுக் கழுவுங்க, இறுக்கிக் கட்டாதீங்க, கீறாதீங்க, ஆஸ்பத்திரிக்கு வாங்க.

2019ல் இந்தப் பேரினம் முழுவதும் சைட்டிஸ் இரண்டாம் பட்டியலுக்கு வந்தது. கேட்டது இலங்கையும் அமெரிக்காவும். எல்லை தாண்டி விற்க இப்போ அனுமதிச் சீட்டு வேணும்.

ஒரு கிளைச் செய்தி: இதன் உறவுக்காரச் சிலந்தி ஒண்ணு நம்ம ராமேஸ்வரத்தில் இருக்கு. 2004ல் அங்குள்ள அனுமன் கோயில் பெயரிலேயே பெயர் வைத்தாங்க, ஹனுமவிலாசுமிகா. அதுவும் அதே அழிவின் விளிம்புப் பட்டியலில்தான்.