தரையும் சுவரும்: ஆழம் மாறும் சுருள் காடியின் கணினி உருவமைப்பு குறித்து

உருளையின் மேல் ஆழம் மாறிக்கொண்டே செல்லும் சுருள் காடியைக் கேட் (CAD) மென்பொருளில் உருவமைப்பது பற்றிய எழுத்துகள், கூம்புச் சுருளைப் பாதையாகக் கொள்வதா, காடியின் அடித்தடத்துக்குத் தனி வழிகாட்டு வளைகோடு வரைவதா என்னும் விவாதத்தோடு பெரும்பாலும் நின்றுவிடுகின்றன. ஆழமே சிக்கலின் மையம் என்னும் இக்கருத்து ஏற்கத்தக்கதாகத் தோன்றவில்லை. ஆழம் மாறாத காடியிலேயே இருக்கும் ஒரு பிழை ஆழ மாற்றத்தின் மேல் ஏற்றப்படுகிறது, அப்பிழையும் காடியின் அடித்தரையில் அன்றிப் பக்கச் சுவரிலேயே இருக்கிறது.

வழக்கமான முறையில், ஒரு செவ்வகக் குறுக்குவெட்டு சுருள் கோட்டுக்குச் செங்குத்தாக நிறுத்தப்பட்டு, ஸ்வீப் கட்டளையால் அக்கோட்டின் வழியே இழுக்கப்படுகிறது. 50 மி.மீ. விட்டமுள்ள உருளையில், ஒரு சுற்றுக்கு 60 மி.மீ. ஏறும் சுருளின் ஏற்றக்கோணம், அதாவது சுற்றுத்திசையோடு அது கொள்ளும் சாய்வு, மேற்பரப்பில் சுமார் 20.9 பாகை, 10 மி.மீ. ஆழத்தில் ஆரம் 15 மி.மீ. ஆகச் சுருங்குவதால் அதே கோணம் 32.5 பாகையாகிறது. செவ்வகமோ இவற்றுள் ஒரு கோணத்துக்கு மட்டுமே செங்குத்தாக நிற்க முடியும். அடியில் 10 மி.மீ. அகலம் சரியாக அமைந்தால், மேற்பரப்பில் அகலம் 10 மி.மீ.யை இரு கோணங்களின் வேறுபாடான 11.6 பாகையின் கொசைனால் பெருக்கிய அளவு, அதாவது 9.80 மி.மீ. ஆகும்; மேலே சரிசெய்தால் அதே குறை அடிக்கு இறங்கும். ஆகவே காடிக்குள் ஓட வேண்டிய 10 மி.மீ. விட்டமுள்ள முளை இதில் ஓடாது.

காடியை உண்மையில் வெட்டும் 10 மி.மீ. விட்டமுள்ள எண்ட் மில் எனப்படும் தட்டைமுனை வெட்டுளியோ, தன் அச்சை உருளையின் ஆரத்திசையில் வைத்துக்கொண்டு நகரும்போது, ஒவ்வோர் உயரத்திலும் அவ்வுயரத்துக்குரிய ஏற்றக்கோணத்துக்குச் செங்குத்தான புள்ளியில் சுவரைத் தொடுகிறது. ஆகவே எல்லா ஆழத்திலும் அகலம் 10 மி.மீ.யாகவே இருக்க, சுவர் மட்டும் முறுகிய பரப்பாகிறது. இங்கு கவனிக்கப்படாது போன செய்தி ஒன்று உண்டு. ஆழம் மாறுவதென்பது வெட்டுளி தன் அச்சின் வழியே சறுக்குவதேயாகும். தன் அச்சில் சறுக்கும் உருளை புதிய பக்கப்பரப்பு எதையும் உண்டாக்குவதில்லை. எனவே ஆழம் எவ்வாறு மாறினும் சுவரின் வடிவம் மாறாது. தரை அதை எங்கே வெட்டி நிறுத்துகிறது என்பதே மாறும்.

தரையில் விலகலே இல்லை என்பது இதன் பொருளன்று. ஒரே சுற்றில் ஆழம் 2 மி.மீ.யிலிருந்து 10 மி.மீ.க்குச் சீராக இறங்கினால், நடுக்கோட்டுத் தரை வெட்டுளி மையத்தின் தடத்தைவிட இடைப்பகுதியில் சுமார் 0.04 மி.மீ. ஆழமாக அமையும், முன்னைய எழுத்துகள் உழைத்தது இந்த அளவுக்கே.

விரித்த வரைபடத்தை உருளைமேல் சுற்றி ஆரத்திசையில் வெட்டினால் போதும் என்பாரும் உளர். மேற்சொன்ன உருளையில் அவர்தம் காடி அடியில் 9.03 மி.மீ.யாகக் குறுகும் என்பதே அதற்கு விடை. வெட்டுளியையே திண்மமாக இழுக்கும் திண்ம ஸ்வீப் முறை கணிப்புச்சுமை மிக்கது என்பது உண்மையாயினும், வடிவம் பற்றிய வாதத்தில் அதற்கு இடமில்லை. பந்துமுனை வெட்டுளியின் உருண்டைப் பகுதிக்கும், ஆரத்திசையிலிருந்து விலகிய அச்சுக்கும் மேற்கண்ட முடிவு பொருந்தாது. அவை நீங்கலாக, பெரும ஆழத்துக்கு மாறாத ஆழமுள்ள காடியைத் திண்ம ஸ்வீப்பால் சுவருக்காக உருவாக்கி, தரையைத் தனிப்பரப்பாக அமைத்து, அதற்குக் கீழுள்ள வெற்றிடத்தை மீண்டும் நிரப்புவதே சரியான வரிசை.