மாற்றுத் துணி

அளவான துணிகளை வைத்துக்கொண்டு கோடையை ஓட்டுவது எப்படி என்று இப்போது ஆளாளுக்கு யோசனை சொல்கிறார்கள். இதற்குக் ‘காப்ஸ்யூல் வார்ட்ரோப்’ என்று ஒரு பெயரும் உண்டு. லண்டனில் துணிக்கடை வைத்திருந்த சூசி ஃபாக்ஸ் என்ற அம்மையார் 1970களில் பரப்பிய சொல் அது. 1985இல் நியூயார்க்கில் டோனா கரன் என்ற ஆடை வடிவமைப்பாளர், ஒன்றோடு ஒன்று சேரும்படி ஏழே உடைகள் இருந்தால் போதும், மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்ளலாம் என்று கடை விரித்தார். பிறகு ஊரெல்லாம் அதே பேச்சு. நல்ல யோசனைதான், குறை சொல்லவில்லை. ஆனால் மதுரையிலேயே பிறந்து எழுபதைத் தாண்டிய என்னைப் போன்றவர்களுக்கு இதைக் கேட்டால் லேசாகச் சிரிப்பு வரும். கத்திரி வெயிலும் குறைந்த துணியும் நமக்கு என்ன புதிதா?

புறநானூற்றில் நக்கீரனார் பாட்டு ஒன்று இருக்கிறது, 189ஆவது பாட்டு. உலகம் முழுவதையும் ஆளும் அரசனானாலும், நடுச்சாமத்தில் தூங்காமல் விலங்குக்குக் காத்திருக்கும் வேடனானாலும், உடுத்த வேண்டியது இரண்டுதான் என்கிறார். இடுப்புக்கு ஒன்று, மேலுக்கு ஒன்று. பள்ளிக்கூடத்தில் இதைப் படித்தபோது, ஈகையைப் பற்றிய பாட்டு என்று ஆசிரியர் சொன்னார். அது சரி. ஆனால் எங்கள் தெருவில் அன்றைக்கு இருந்த பெரியவர்களைப் பார்த்தால் அது துணிக்கணக்காகவும் சரியாகவே இருந்தது.

என் தாத்தாவிடம் நாலு முழ வேட்டி இரண்டு, எட்டு முழம் ஒன்று, ஈரிழைத் துண்டு இரண்டு இருந்தன. சட்டை என்று ஒன்று உண்டு, அது கல்யாணத்துக்கும் கோர்ட்டுக்கும். நாலு முழம் என்றால் ஆறடி. தையல் கிடையாது, அளவு கிடையாது, தாத்தா வேட்டியை அப்பா கட்டலாம், அப்பா வேட்டியைப் பேரன் கட்டலாம். நைந்துபோனால் கிழித்துத் துண்டாக்குவார்கள். துண்டு நைந்தால் குழந்தைக்குத் தொட்டில் விரிப்பு. புதுத் துணியின் விறைப்புப் பச்சைப் பிள்ளையின் உடம்பை அறுக்கும் என்பதால் பழைய வேட்டிக்கு வீட்டில் தனி மரியாதை இருந்தது. அதற்குப் பிறகு அடுப்படிக் கரித்துணி. கடைசியில் விளக்குத் திரி. ஏழு உடை சொன்ன டோனா கரனுக்கும் இவ்வளவு நீளக் கணக்குத் தெரிந்திருக்காது.

வெயிலுக்கு இதில் ஒரு சூட்சுமம் உண்டு. பருத்தி வியர்வையை உறிஞ்சிக் காற்றில் விடும். வடித்த கஞ்சியை நீர்க்கக் கரைத்துப் போட்டுக் காயவைத்த வேட்டி உடம்போடு ஒட்டாமல் விலகி நிற்கும், இடையில் காற்று போய்வரும். அழுக்கும் கஞ்சியின் மேல்தான் படியும், அடுத்த முறை நனைக்கும்போது கஞ்சியோடு சேர்ந்து போய்விடும். கஞ்சி மிடுக்குக்காக மட்டும் போட்டதில்லை.

இந்த இரண்டு வேட்டி வாழ்க்கை தானாக நடந்துவிடவில்லை. அதைத் தூக்கி நிறுத்தியவர்கள் சலவைத் தொழிலாளர்கள். துணியை உவர்மண் கரைத்த நீரில் நனைத்து, வெள்ளாவிப் பானையின் மேல் அடுக்கி, கீழே நீர் கொதிக்கக் கொதிக்க இரவெல்லாம் ஆவியில் வேகவைத்து, விடிந்ததும் வைகையில் கொண்டுபோய் அடித்துத் துவைத்து மணலில் காயப்போடுவார்கள். எந்தத் துணி எந்த வீட்டினுடையது என்று தெரிய மூலையில் சிறிய கறுப்புக் குறி இருக்கும். சேங்கொட்டைச் சாற்றால் இட்டது, எத்தனை வெள்ளாவி கண்டாலும் போகாது. அந்தச் சாறு கையில் பட்டால் கொப்புளம் கிளம்பும். நம் வேட்டி வெளுப்பாக இருக்க யார் கை வெந்தது என்று அன்றைக்குத் தெருவில் ஒருவரும் கேட்டதில்லை. வருஷத்துக்கு இவ்வளவு தானியம், அன்றாடம் வாங்கிப்போகும் சோறு, இவைதாம் அவர்களுக்குக் கூலி. ‘எளிமையான வாழ்க்கை’ என்று நம் ஆட்கள் பெருமை பேசும்போது இந்தப் பக்கத்தையும் சேர்த்துச் சொல்லவேண்டும் என்பது என் கட்சி.

இன்னொரு பக்கமும் உண்டு. அது பெண்களுடையது.

அப்பத்தாவுக்குச் சேலை இரண்டு. ஒன்று கட்டியிருக்கும், ஒன்று கொடியில் காயும். அதனால் அவள் பாடு பரவாயில்லை. ஒரே சேலைக்காரிகள் பக்கத்துத் தெருக்களில் இருந்தார்கள் என்று அவளே சொல்லியிருக்கிறாள். விடியுமுன் கிணற்றடிக்கு வந்து, சேலையின் ஒரு பாதியை உடுத்திக்கொண்டு மறுபாதியை நனைப்பார்கள். அது காய்ந்ததும் அதைச் சுற்றிக்கொண்டு உடுத்திய பாதியைத் துவைப்பார்கள். கோடையில் அரை மணியில் காய்ந்துவிடும். ஐப்பசி அடைமழையில் என்ன செய்வார்கள் என்று கேட்டேன். “வெளிய வரமாட்டாளுகப்பா” என்றாள்.

இதே செய்தியைக் காந்தி தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். 1917இல் பீகாரில் சம்பாரண் விவசாயிகளுக்காக வேலை செய்தபோது, பீதிஹர்வா என்ற கிராமத்துப் பக்கம் பெண்கள் அழுக்குத் துணியோடு இருப்பதைப் பார்த்துக் கஸ்தூர்பாவை விசாரிக்கச் சொன்னார். ஒரு பெண் கஸ்தூர்பாவைத் தன் குடிசைக்குள் அழைத்துப்போய், பெட்டியோ அலமாரியோ இருக்கிறதா பாருங்கள், கட்டியிருக்கும் இந்தச் சேலை ஒன்றுதான் என்னிடம் இருக்கிறது, இன்னொன்று கிடைக்கச் செய்யுங்கள், தினமும் குளித்துச் சுத்தமாக இருக்கிறேன் என்றாளாம். நம் அப்பத்தாமார்களுக்குத் தெரிந்த விஷயம்தான், ஆனால் அவர்கள் யாரும் எழுதிவைக்கவில்லை.

அதற்கு நான்கு ஆண்டுகள் கழித்து, நம் ஊரில் நடந்தது எல்லோரும் அறிந்ததே. ஆனாலும் அதன் கணக்கைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். 1921இல் அந்நியத் துணியை விடவேண்டும் என்று காங்கிரஸ் ஊர்ஊராகச் சொல்லிக்கொண்டிருந்தது. செப்டம்பரில் சென்னையிலிருந்து மதுரைக்கு ரயிலில் வரும்போது, கூட வந்த ஜனங்கள் அந்நியத் துணி உடுத்தியிருப்பதைக் கண்டு கதர் கட்டச் சொன்னார் காந்தி. கதர் வாங்க எங்களுக்கு வசதியில்லை என்றார்கள். தலையில் குல்லாய், மேலே சட்டை, கீழே முழு வேட்டி என்று இருந்தவருக்கு அந்தப் பதில் தைத்துவிட்டது. இந்த எண்ணம் முன்பே இரண்டு முறை வந்து தயங்கியதாகவும் அவரே பின்னால் எழுதினார். செப்டம்பர் 22 காலை, மேலமாசி வீதி 251ஏ வீட்டு மாடியிலிருந்து இறங்கும்போது முழங்கால் வரைக்குமான துண்டு வேட்டி மட்டும்தான். உடனிருந்த ராஜாஜிக்கு இதில் முழுச் சம்மதமில்லை.

அவர் அன்று வெளியிட்ட அறிக்கையில் நான் முக்கியமாக நினைப்பது சீதோஷ்ணத்தைப் பற்றிய வாதம். அந்நியத் துணியை விட்டவனுக்குக் கதர் வாங்கக் காசில்லை என்றால் அரைத்துணியோடு இருக்கட்டும், நம் நாட்டு வெயில் காலத்தில் உடம்பைக் காக்க அதற்குமேல் தேவையில்லை, ஆண்கள் உடம்பை முழுக்க மூடுவதை இந்தியா நாகரிகத்தின் அளவுகோலாக என்றும் வைத்ததில்லை என்கிற கருத்து அதில் வருகிறது. முதலில் அக்டோபர் 31 வரைக்கும்தான் என்று வைத்துக்கொண்டார். பிறகு அதுவே நிலைத்துவிட்டது. 1931 நவம்பரில் லண்டன் குளிரில் பக்கிங்ஹாம் அரண்மனைக்குப் போய் ஐந்தாம் ஜார்ஜைப் பார்த்தபோதும் அதே அரையாடைதான், மேலே ஒரு போர்வை.

‘ஆண்கள்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். காந்தியின் தீர்வு ஆணுக்குப் பொருந்தும். சம்பாரண் குடிசையில் நின்ற அந்தப் பெண்ணுக்கு அது பொருந்தாது. அவள் குறைக்க வழியில்லை, கூட்டத்தான் வேண்டும். இது அவருக்கும் தெரியும் என்றே நினைக்கிறேன். ராட்டையை அவ்வளவு பிடிவாதமாகப் பிடித்துக்கொண்டதற்கு அதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். மேலமாசி வீதி வீட்டின் கீழே இப்போது கதர்க்கடை இருக்கிறது. தமுக்கத்துக்குப் பக்கத்தில் ராணி மங்கம்மாள் அரண்மனையில் 1959இல் திறந்த காந்தி நினைவு அருங்காட்சியகத்தில், அவர் சுடப்பட்ட அன்று உடுத்தியிருந்த ரத்தக்கறை படிந்த துணி கண்ணாடிக்குள் இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகள் வரிசையில் பார்த்துக்கொண்டு போவார்கள். இரண்டு இடத்துக்கும் நடுவில் நடந்தே போகிற தூரம்தான்.

யுத்த காலத்தில் துணிக்குத் தட்டுப்பாடு வந்து சர்க்கார் கட்டுப்பாடு போட்டது. வேட்டி வாங்க வரிசையில் நின்ற கதையை அப்பா சாகும்வரை சொன்னார். அறுபதுகளில் எங்கள் காலத்துக்கும் ‘கண்ட்ரோல் துணி’ வந்தது, விலையைத் துணியிலேயே முத்திரை குத்தியிருப்பார்கள். முரட்டுத் துணி, ஆனால் உழைக்கும்.

அப்புறம்தான் டெரிலீனும் டெரிகாட்டனும். இதைப் பற்றி நம் வயதுக்காரர்கள் பொதுவாகத் திட்டித்தான் எழுதுகிறார்கள். திட்டவும் காரணம் உண்டு. பருத்தி நூல் தன் எடையில் நூற்றுக்கு ஏழெட்டுப் பங்கு ஈரத்தைச் சாதாரணமாகவே தாங்கும், பாலியஸ்டர் அரைப் பங்கைக்கூடத் தாங்காது. மே மாதம் ஃபேன் ஓடாத ஆபீஸில் டெரிலீன் சட்டையோடு உட்கார்ந்து முதுகெல்லாம் வேர்க்குரு வாங்கியவன் நான். ஆனாலும் நியாயம் சொல்லவேண்டும். இரண்டே சட்டை உள்ள குமாஸ்தாவுக்கு அது வரப்பிரசாதம். ராத்திரி அலசிப் போட்டால் காலையில் காய்ந்திருக்கும், இஸ்திரி வேண்டாம், கஞ்சி வேண்டாம், பத்து வருஷம் கிழியாது. பெண்களுக்கு நைலக்ஸ் சேலையும் அப்படித்தான் வந்தது. அதில் தீப்பிடித்தால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும் என்ற பயமும் கூடவே வந்தது. மண்ணெண்ணெய் ஸ்டவ் காலம் அது.

1983இல் எம்.ஜி.ஆர். அரசு பொங்கலுக்கு ஏழைகளுக்கு இலவச வேட்டி, சேலை கொடுக்கத் தொடங்கியது. நெசவாளிக்கு வேலை, இல்லாதவருக்கு ஒரு புதுத்துணி. இலவசம் என்று இளப்பமாகப் பேசியவர்கள் எங்கள் ஆபீஸிலும் இருந்தார்கள். ஒரே சேலைக்காரியின் ஐப்பசி மாதம் எப்படி இருக்கும் என்று அப்பத்தா மூலம் கேட்டிருந்ததால் என்னால் அந்தப் பேச்சில் சேர முடியவில்லை.

இனி என் கோடைக் கணக்கு. ஓய்வுபெற்று ஆபீஸ் சட்டைகளுக்கு வேலை இல்லாமல் போனபின் நானும் அலமாரியைக் குறைத்தேன். உடம்பில் ஒன்று, கொடியில் ஒன்று, மடித்து ஒன்று, இதுதான் அளவு. நாலு முழம் மூன்று, கைலி இரண்டு, பருத்தி அரைக்கைச் சட்டை மூன்று, முண்டா பனியன் நான்கு, ஈரிழைத் துண்டு மூன்று. வெளியே போக ஓர் எட்டு முழம். எல்லாமே வெள்ளை அல்லது வெளிர் நிறம் என்பதால் எந்தச் சட்டைக்கு எது சேரும் என்ற கேள்வியே இல்லை. துண்டில் தேங்காய்ப்பூத் துண்டைத் தவிர்த்துவிடுங்கள். கோடையில் அது தோளுக்குப் பாரம், நனைந்தால் காயவும் நேரமாகும். மூன்றாவது வேட்டி அதிகம் என்று நினைத்தால், திடீர் மழையையும் மின்வெட்டில் நின்றுபோன மோட்டாரையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

இதே கணக்கை வீட்டுக்காரம்மாவிடமும் சொல்லிப் பார்த்தேன். அவளுடைய பீரோவில் சுங்குடிச் சேலைகள் மட்டுமே பன்னிரண்டோ பதின்மூன்றோ இருக்கும். சௌராஷ்டிரப் பெண்கள் துணியைக் கிள்ளி நூலால் முடிச்சிட்டு, சாயத்தில் தோய்த்து, அவிழ்த்தால் புள்ளிபுள்ளியாக வரும் அசல் கட்டுச் சுங்குடி அதில் இரண்டு. மற்றவை மெழுகு அச்சு. 2005இல் மதுரைச் சுங்குடிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது, வெயிலுக்கு இதைவிட உண்டா என்று சொல்லி இன்னும் ஒன்று எடுத்தாள்.

“மூணு போதும்னு அந்த வெள்ளைக்காரங்க சொல்றாங்களா?” என்று கேட்டாள்.

“ஏழு” என்றேன்.

“எங்க அம்மா ரெண்டு சேலையில ஒப்பேத்துனாங்க. மூணாவது எடுக்கணும்னு ஆசப்பட்டு எடுக்காமலே போய்ட்டாங்க. நீங்க உங்க வேட்டிய எண்ணுங்க, என் பீரோ பக்கம் வராதீங்க.”

அவள் சேலைகளை நான் எண்ணுவதில்லை. என் கொடியில் இடம் மிச்சமிருப்பதால் இப்போது அதிலும் சுங்குடிதான் காய்கிறது.